சிறிய கார் வாங்குவோர் கேட்க மறக்கும் கேள்வி

புதிதாகக் கார் ஒன்றை வாங்கியவரைக் காணும் உறவினரும் அயலவரும் முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான். "லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" என்பதே அது. அடுத்துக் கேட்பது விலையை. அதற்கடுத்து, திரும்ப விற்றால் என்ன பெறும் என்பதை. இந்த வாகனம் எதிரே வரும் பஸ் வண்டியொன்றுடன் மோதினால் உள்ளே இருப்பவர்களின் கதி என்னவாகும் என்று எவரும் கேட்பதில்லை. நல்ல நாளில் அமங்கலமான வார்த்தை எதற்கு என்னும் எண்ணமும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் உயிரிழக்கும் ஒரு நாட்டில் அந்தக் கேள்வியை எவ்வளவு காலத்துக்குத்தான் தவிர்த்துக்கொண்டிருக்க முடியும்?

எரிபொருள் பற்றிய கவலை நியாயமற்றதென்று நாம் கூறவில்லை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் 177 ரூபாவாக இருந்த ஒக்டேன் 92 ரகப் பெற்றோல் ஒரு லீற்றரின் விலை, 2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவாக உயர்ந்தது. பணம் இருந்தும் எரிபொருள் கிடைக்காமல் நிரப்பு நிலையங்களின் முன்னால் இரவு பகலாக மக்கள் காத்துக் கிடந்ததையும், கியூ.ஆர். முறைமை வந்தபோது கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து வழங்கப்பட்டதையும் எவரும் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். அந்த அனுபவத்தினூடாக வந்த குடும்பத் தலைவர் ஒருவர் மைலேஜை முதலில் கேட்பது இயல்பானதே.

அரசாங்கத்தின் தீர்வைக் கொள்கையும் மக்களைச் சிறிய இயந்திரங்களின் பக்கமே தள்ளி வந்துள்ளது. இயந்திரத்தின் கொள்ளளவை அடிப்படையாகக் கொண்டு உற்பத்தி வரி அறவிடப்படும்போது, 1,000 சி.சி.க்கு உட்பட்ட வாகனமே சாதாரண மத்திய தர வருமானம் பெறுவோருக்கு எட்டக்கூடியதாகின்றது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றது. ஆகவே ஆசிரியர் ஒருவரோ, சிறு வர்த்தகர் ஒருவரோ குத்தகைக் கடன் பெற்று வாங்கும் கார், பெரும்பாலும் அவர் வாழ்நாளில் வீட்டுக்கு அடுத்தபடியாகச் செய்யும் மிகப் பெரிய செலவாகும். அத்தகைய தெரிவு ஒரே ஒரு எண்ணை மட்டும் பார்த்துச் செய்யப்படுவது பொருத்தமானதல்ல என்பதே எமது கருத்தாகும்.

மைலேஜ் என்னும் மயக்கம்

முதலில் அந்த எண்ணையே சற்று ஆராய்வோம். ஆண்டுக்கு 12,000 கிலோமீற்றர் ஓடும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் காருக்கு ஆண்டுக்கு 1,200 லீற்றர் தேவை. 15 கிலோமீற்றர் ஓடும் காருக்கு 800 லீற்றர் போதும். சேமிப்பு 400 லீற்றர். இனி, 20 கிலோமீற்றர் ஓடும் காருக்கு 600 லீற்றரும், 25 கிலோமீற்றர் ஓடும் காருக்கு 480 லீற்றரும் செலவாகும். இங்கே சேமிப்பு 120 லீற்றர் மட்டுமே. இரண்டு இடத்திலும் வித்தியாசம் ஐந்து கிலோமீற்றர்தான். ஆயினும் பணப்பையில் தெரியும் பயன் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகும்.

லீற்றர் ஒன்று 300 ரூபா என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 20 ஓடும் காருக்கும் 25 ஓடும் காருக்கும் இடையிலான வேறுபாடு மாதத்துக்கு 3,000 ரூபாவாகும். இது புறக்கணிக்கத்தக்க தொகையல்ல. ஆனால் இந்த 3,000 ரூபாவுக்காக எதை விட்டுக்கொடுக்கின்றோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மேலும், விளம்பரங்களிலும் விற்பனை நிலையங்களிலும் கூறப்படும் எண்கள் ஆய்வுகூடத்தில் பெறப்பட்டவை. 2011ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் அறிமுகமான டொயோட்டா அக்வாவுக்கு அந்நாட்டின் ஜே.சி.08 முறையின்படி லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்று குறிப்பிடப்பட்டது. குளிரூட்டி இயங்காத நிலையில், வகுக்கப்பட்ட வேக அட்டவணையின்படி பெறப்பட்ட பெறுபேறு அது. மருதானையிலும் வெள்ளவத்தையிலும் நெரிசலில் நின்று நின்று செல்லும் காரிடமோ, ஐவரையும் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவ ஏற்றத்தில் ஏறும் காரிடமோ அந்த எண்ணை எதிர்பார்க்க இயலாது. ஆகவே கார்களை ஒப்பிடுவோர் ஒரே பரிசோதனை முறையில் பெறப்பட்ட எண்களையே ஒப்பிட வேண்டும். அதைவிடச் சிறந்தது, அதே காரை எமது வீதிகளில் ஓட்டுவோரிடம் கேட்டறிவது.

நிறை செய்யும் வேலை

இனி மறு பக்கத்துக்கு வருவோம். எரிபொருளைச் சேமிப்பதற்கு மிக இலகுவான வழி வாகனத்தின் நிறையைக் குறைப்பதாகும். ஆனால் மோதலின்போது நிறை குறைந்த வாகனமே அதிகம் பாதிக்கப்படுகின்றது. இதற்குப் பௌதிகவியலின் எளிய விதியொன்றே காரணமாகும்.

800 கிலோ நிறையுடைய சிறிய கார் ஒன்றும் 1,600 கிலோ நிறையுடைய ஜீப் வண்டியொன்றும் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் எதிரெதிரே வந்து நேருக்கு நேர் மோதிச் சிக்கிக்கொள்வதாகக் கொள்வோம். மோதலின் பின்னர் இரண்டும் சேர்ந்து ஜீப் வந்த திசையிலேயே ஏறத்தாழ 17 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். அதாவது ஜீப் இழந்த வேகம் 33 கிலோமீற்றர். சிறிய காரோ 50 கிலோமீற்றரை முழுமையாக இழந்ததோடு, 17 கிலோமீற்றர் வேகத்தில் பின்னோக்கியும் தள்ளப்படுகின்றது. அதில் இருப்பவர்களின் உடல் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் தாங்க வேண்டிய வேக மாற்றம் 67 கிலோமீற்றராகும். இரு சாரதிகளும் ஒரே வேகத்தில்தான் வந்தனர். அனுபவித்த அதிர்ச்சியோ ஒருவருக்கு மற்றவரைவிட இரு மடங்கு. எதிரே வந்தது பல தொன் நிறையுடைய பஸ்ஸோ லொறியோ எனில் நிலைமை எவ்வாறிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பிரச்சினையை ஒரு பெரிய நாடு எதிர்கொண்ட அனுபவமும் உண்டு. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து 1975இல் அமெரிக்கா கார்களின் சராசரி எரிபொருள் சிக்கனத்துக்கான சட்டத்தைக் கொண்டுவந்தது. உற்பத்தியாளர்கள் கார்களின் அளவையும் நிறையையும் குறைத்தனர். அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழுவொன்று 2002ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், அவ்வாறு குறைக்கப்பட்டமை 1993ஆம் ஆண்டில் மட்டும் மேலதிகமாக 1,300 முதல் 2,600 வரையிலான மரணங்களுக்கு வழிவகுத்திருக்கலாம் என்று பெரும்பான்மை உறுப்பினர்கள் மதிப்பிட்டனர். அக்குழுவின் இரு உறுப்பினர்கள் இந்த முடிவுடன் உடன்படவில்லை என்பதையும் நாம் குறிப்பிட வேண்டும். எல்லாக் கார்களுமே ஒருசேரச் சிறிதானால் ஆபத்து அதிகரிக்காது, பெரியனவும் சிறியனவும் கலந்து ஓடுவதே ஆபத்து என்னும் வாதமும் வலுவானதே. ஆனால் எமது வீதிகளில் நிலவுவது அந்தக் கலப்பு நிலைதான்.

2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம் மூன்று சிறிய கார்களை அதே உற்பத்தியாளர்களின் நடுத்தரக் கார்களுடன் மோதவிட்டுப் பார்த்தது. அவற்றுள் ஒன்று டொயோட்டா யாரிஸ். நாம் இங்கே விட்ஸ் என்று அறிந்திருப்பதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த காரையே. மோதல் தடுப்பின் மீது தனியே மோதிய பரிசோதனைகளில் நல்ல மதிப்பீட்டைப் பெற்றிருந்த அந்த மூன்று சிறிய கார்களும், தம்மைவிடப் பெரிய காருடன் மோதியபோது மிகக் கீழான மதிப்பீட்டையே பெற்றன. நட்சத்திரங்கள் பற்றிப் பேசுவோர் முதலில் அறிய வேண்டிய பாடம் இது. ஒரு காருக்கு வழங்கப்படும் நட்சத்திர மதிப்பீடு, ஏறத்தாழ அதே நிறையுடைய ஏனைய கார்களுடன் ஒப்பிடுவதற்கே உதவும். ஐந்து நட்சத்திரம் பெற்ற சிறிய கார், ஐந்து நட்சத்திரம் பெற்ற பெரிய காருக்குச் சமமாகாது.

சிறியது என்றால் பலவீனமா?

அப்படியானால் சிறிய கார்கள் அனைத்துமே ஆபத்தானவையா? இல்லை. சிறிய கார்களுக்கு இடையிலேயே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. வாங்குபவர் கவனம் செலுத்த வேண்டிய இடம் இதுதான்.

2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குளோபல் என்கெப் என்னும் அமைப்பு, இந்தியாவில் விற்பனையான ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதவைத்துப் பரிசோதித்தது. இந்த வேகத்தில் மோதுவது ஏறத்தாழ 16 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, கீழே விழுவதற்குச் சமமாகும். மாருதி சுசுக்கி ஆல்ட்டோ 800, டாட்டா நெனோ, ஹியுண்டாய் ஐ10, போர்ட் ஃபிகோ, வொக்ஸ்வாகன் போலோ ஆகிய ஐந்தினதும் எயார்பேக் இல்லாத அடிப்படை ரகங்கள் வயது வந்தோருக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பெறவில்லை.

ஆனால் அந்த ஐந்தும் தோற்ற விதம் ஒன்றல்ல. முதல் மூன்று கார்களில் பயணிகள் அமரும் கூடே நிலைகுலைந்து போனது. அத்தகைய கூட்டில் எயார்பேக் பொருத்தினாலும் பெரும் பயன் இராது. ஏனைய இரண்டிலும் கூடு உறுதியாகவே நின்றது. குறைவாக இருந்தது எயார்பேக் மட்டுமே. இரண்டு எயார்பேக்குகள் பொருத்தப்பட்ட அதே போலோ மீண்டும் பரிசோதிக்கப்பட்டபோது நான்கு நட்சத்திரங்களைப் பெற்றது. காரும் அதுவே, இயந்திரமும் அதுவே. எயார்பேக்குகளின் நிறை சில கிலோ மட்டுமே என்பதால் எரிபொருள் செலவில் உணரத்தக்க மாற்றம் ஏதுமில்லை. சிக்கனமா, பாதுகாப்பா என்று இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும் என்னும் எண்ணம் பல வேளைகளில் தவறானது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மறுதலையாக, எயார்பேக் இருக்கின்றது என்பதற்காக மட்டும் திருப்தியடைவதும் தவறாகும். 2023ஆம் ஆண்டில் அதே அமைப்பு பரிசோதித்த, இரண்டு எயார்பேக்குகளைக் கொண்ட இந்தியத் தயாரிப்பான வெகன் ஆர், ஒரேயொரு நட்சத்திரத்தையே பெற்றது. எயார்பேக் மட்டும் ஒரு காரைப் பாதுகாப்பானதாக்கிவிடாது. மோதலின் அதிர்ச்சியைக் காரின் முன்பகுதி நசுங்கித் தன்னுள் வாங்க வேண்டும். கூடு நசுங்காமல் நிற்க வேண்டும். ஆசனப்பட்டி உடலைப் பிடித்து வைக்க வேண்டும். எயார்பேக் தலையையும் மார்பையும் தாங்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் மற்றையவற்றின் பயன் குறைந்துவிடும்.

இங்கே எமது வாசகர்கள் கவனிக்க வேண்டிய குழப்பமொன்றும் உண்டு. நாம் வெகன் ஆர் என்றும் ஆல்ட்டோ என்றும் ஒரே பெயரால் அழைப்பவை, உண்மையில் வெவ்வேறு கார்களாகும். இந்தியாவில் தயாராகும் வெகன் ஆர் ஒன்று. ஜப்பானில் 660 சி.சி. இயந்திரத்துடன் தயாராகும் வெகன் ஆர் வேறொன்று. ஒன்றுக்குக் கிடைத்த நட்சத்திரத்தை மற்றையதற்குச் சூட்டுவதும், ஒன்றின் குறையை மற்றையதன் மீது சுமத்துவதும் பிழையானவை. ஜப்பானின் கெய் ரகக் கார்களின் நீளம் 3.4 மீற்றரையும் அகலம் 1.48 மீற்றரையும் தாண்டக்கூடாது. 1998ஆம் ஆண்டுக்கு முன்னர் அந்த எல்லை இதனைவிடக் குறைவாகவே இருந்தது. மோதல் பாதுகாப்பைக் கருத்திற்கொண்டே, நீளத்தில் 10 சென்ரிமீற்றரும் அகலத்தில் 8 சென்ரிமீற்றரும் கூட்டப்பட்டன. முன்பகுதியில் கிடைக்கும் சில அங்குல இடம் உயிருக்கு எவ்வளவு பெறுமதியானது என்பதை அந்நாட்டு அதிகாரிகள் உணர்ந்திருந்தனர்.

பாவித்த காரை வாங்கும்போது

எமது நாட்டில் பெரும்பாலானோர் வாங்குவது பாவித்த கார்களையே. விபத்தில் சிக்கித் திருத்தப்பட்ட கார் ஒன்றின் வெளித்தோற்றத்தை வர்ணப்பூச்சு மறைத்துவிடும். ஆனால் வளைந்து நிமிர்த்தப்பட்ட சட்டகம் அடுத்த மோதலில் முன்போல் செயற்படாது. ஜப்பானில் இருந்து வந்த காராயின் அதன் ஏல விற்பனை மதிப்பீட்டுத் தாளைக் கேட்டுப் பெறுவது அவசியமாகும். இயந்திரத்தை முடுக்கும்போது எயார்பேக்குக்கான எச்சரிக்கை விளக்கு சில விநாடிகள் ஒளிர்ந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றாலோ, ஒளிராமலே இருந்தாலோ அந்தப் பையை நம்ப இயலாது.

தகாட்டா நிறுவனத்தின் எயார்பேக்குகள் பற்றியும் அறிந்திருத்தல் வேண்டும். அவற்றில் உள்ள வாயு உண்டாக்கும் பகுதி காலப்போக்கில் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் பழுதடைந்து, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறச் செய்து உயிர்களைப் பறித்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான வாகனங்கள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. எமது நாட்டில் விரும்பி வாங்கப்படும் ஜப்பானிய நிறுவனங்களின் கார்களும் அவற்றுள் அடங்கும். வெப்பமும் ஈரப்பதமும் குறையாத எமது காலநிலையில் இது அலட்சியம் செய்யத்தக்க விடயமல்ல. செசி இலக்கத்தை உற்பத்தியாளரின் உள்ளூர் முகவரிடம் கொடுத்தால் அந்தக் கார் திரும்ப அழைக்கப்பட்டதா என்பதை அறிந்துகொள்ளலாம்.

ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் அந்த ரயர் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். தேய்வு தெரியாவிட்டாலும் ஆண்டுகள் கடந்த ரப்பர் இறுகி, மழையில் பிடிமானத்தை இழக்கும்.

இரண்டும் ஒன்றுசேரும் இடம்

பாதுகாப்பும் சிக்கனமும் எதிரிகளாக அன்றி நண்பர்களாக நிற்கும் இடங்களும் உண்டு. ரயரில் காற்று குறைந்தால் எரிபொருளும் வீணாகும், ரயர் சூடாகி வெடிக்கும் அபாயமும் கூடும். வேகத்தை 80இலிருந்து 100 கிலோமீற்றராக்கினால் மோதலின் சக்தி 56 சதவீதத்தால் அதிகரிக்கின்றது. காற்றுத் தடையும் அதே விகிதத்தில் கூடி எரிபொருளை விழுங்குகின்றது. ஏ-9 வீதியில் யாழ்ப்பாணம் நோக்கியோ, ஹபரணை ஊடாக மட்டக்களப்பு, கல்முனை நோக்கியோ இரவில் விரைவோர், யானையும் கட்டாக்காலி மாடுகளும் குறுக்கிடும் பாதையில் அரை மணி நேரம் தாமதிப்பதால் இழப்பது ஏதுமில்லை. பணமும் உயிரும் ஒருங்கே மிஞ்சும்.

ஆசனப்பட்டிக்கு ஒரு துளி பெற்றோலும் செலவாவதில்லை. சாரதிக்கும் முன் இருக்கையில் அமர்வோருக்கும் 2011ஆம் ஆண்டு ஒக்டோபரிலிருந்து அது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பின் இருக்கையிலோ அது இன்னமும் அலங்காரப் பொருளாகவே கிடக்கின்றது. பெருநாளுக்கும் திருவிழாவுக்கும் செல்லும்போது தாயோ பாட்டியோ குழந்தையை மடியில் வைத்து முன் இருக்கையில் அமர்வதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் நொடியின் பத்தில் ஒரு பங்கில் நின்றுவிட்டால், 10 கிலோ நிறையுடைய குழந்தை 140 கிலோ பாரத்துக்கு ஈடான விசையுடன் முன்னோக்கிப் பாயும். எந்தத் தாயின் கரங்களும் அதனைப் பிடித்து நிறுத்த முடியாது. அன்பு குறைவதால் அல்ல, கைகளின் வலிமைக்கு எல்லை உண்டு என்பதால் நேரும் இழப்பு அது. ஆகவே குழந்தைகளுக்கான இருக்கையைப் பொருத்தும் ஐசோபிக்ஸ் கொளுக்கிகள் பின் இருக்கையில் உள்ளனவா, நடுவில் அமர்பவருக்கும் மூன்று முனைப் பட்டி உண்டா என்பவற்றையும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தெரிவு அவரவர் தேவையைப் பொறுத்ததாகும். பாடசாலைக்கும் சந்தைக்கும் நகருக்குள்ளேயே குறைந்த வேகத்தில் ஓடும் குடும்பத்துக்கு மிகச் சிறிய கார் பொருத்தமானதாக இருக்கலாம். மாதம் இருமுறை 400 கிலோமீற்றர் தூரம் நெடுவீதியில் பயணிப்போர், மைலேஜில் மூன்று நான்கு கிலோமீற்றர் குறைந்தாலும் சற்று நிறையும், உறுதியான கூடும், ஏ.பி.எஸ். பிரேக்கும், சறுக்கலைத் தடுக்கும் இலத்திரனியல் கட்டுப்பாடும் கொண்ட காரைத் தெரிவு செய்வதே விவேகமானது. அவ்வாறான காரைப் பழைய ஆண்டில் வாங்குவதா, வசதி குறைந்த காரைப் புதிதாக வாங்குவதா என்று தடுமாறுவோர், இருக்கை உறையையும் தொடுதிரையையும் மறந்து மேற்கூறியவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதேவேளை, மனைவியையும் இரு பிள்ளைகளையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லும் ஒருவர், கடன்பட்டு மிகச் சாதாரணமான சிறிய கார் ஒன்றை வாங்கினாலும் தம் குடும்பத்தை முன்னைவிடப் பாதுகாப்பான நிலைக்கே கொண்டுவருகின்றார். எமது வீதிகளில் அதிகம் உயிரிழப்போர் மோட்டார் சைக்கிளில் செல்வோரும் பாதசாரிகளுமே. சிறிய காரை வாங்குவோரை ஏளனம் செய்வது எமது நோக்கமல்ல. வசதியுள்ளோர் அனைவரும் பெரிய ஜீப் வண்டிகளுக்கு மாறுவதும் தீர்வாகாது. அது அவர்களின் அபாயத்தைக் குறைத்து அடுத்தவரின் அபாயத்தைக் கூட்டுவதோடு, நாட்டின் அந்நியச் செலாவணியையும் எரித்துவிடும்.

அரசாங்கத்தின் பொறுப்பையும் இங்கு சுட்டிக்காட்டாதிருக்க இயலாது. எயார்பேக், ஏ.பி.எஸ்., மூன்று முனை ஆசனப்பட்டி ஆகியன இல்லாத வாகனங்களின் இறக்குமதியைத் தடை செய்வதாக 2018ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டமை வரவேற்கத்தக்கதாகும். எனினும் மோதல் பரிசோதனைப் பெறுபேறு எதுவும் வாங்குபவரின் கண்ணில் படும் வகையில் காட்சிப்படுத்தப்படுவதில்லை. வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழைக் கோரும் அரசு, தனியார் காரின் பிரேக்கையும் ரயரையும் பற்றிக் கேட்பதில்லை. இயந்திரத்தின் கொள்ளளவுக்கேற்ப தீர்வை அறவிடுவோர், பாதுகாப்பு மிக்க சிறிய கார்களுக்குச் சிறிதளவேனும் சலுகை வழங்கினால் மக்கள் அவற்றையே நாடுவர். இவை யாவும் பெரும் நிதியை வேண்டி நிற்பவையல்ல.

அதுவரையில் பொறுப்பு வாங்குபவரிடமே உள்ளது. அடுத்த முறை கார் ஒன்றின் கதவைத் திறந்து பார்க்கும்போது, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று தாராளமாகக் கேளுங்கள். அத்துடன் நில்லாமல், இந்தக் கார் மோதவிட்டுப் பரிசோதிக்கப்பட்டதா, பெறுபேறு என்ன, பின்னால் அமரப்போகும் என் பிள்ளைக்கு இதில் என்ன பாதுகாப்பு உண்டு என்றும் கேளுங்கள். விற்பவரிடம் பதில் இல்லையெனில் அதுவும் ஒரு பதில்தான்.